நகர்த்தி வைத்த பெட்டி எங்கே போனது? ஸ்மார்ட்ஆர்ட் குறித்து ஒரு திறனாய்வு



கவிதையைத் திறனாய்வு செய்கிறோம். சிறுகதையை, நாவலை, நாடகத்தைத் திறனாய்வு செய்கிறோம். ஆனால், நம் பாடத்தை வகுப்பறைத் திரைக்குக் கொண்டுபோகும் மென்பொருளைப் பற்றி "நல்லா இருக்கு", "அடிக்கடி ஹேங் ஆகுது" என்பதற்கு மேல் நாம் எதுவும் பேசுவதில்லை. ஒரு மென்பொருளும் ஒரு படைப்புதான். யாரோ சிலர் உட்கார்ந்து, 'இதை வைப்போம், இதை விடுவோம்' என்று முடிவு செய்து உருவாக்கியது. அந்த முடிவுகள் நம் இலக்கணப் படத்தின் உருவத்தையும், சில வேளைகளில் அதன் பொருளையும் மாற்றிவிடுகின்றன.

இக்கட்டுரை பவர்பாயிண்டில் உள்ள ஸ்மார்ட்ஆர்ட் என்ற வரைபடக் கருவியை ஒரே ஒரு கேள்வியால் அளக்கிறது: படத்தை மென்பொருள் மறுபடி வரையும்போது, நாம் கையால் செய்த மாற்றங்கள் தங்குகின்றனவா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்மார்ட்ஆர்ட் நிறத்தை நன்றாகக் காப்பாற்றுகிறது. இடத்தைப் பாதி வழியில் கைவிட்டுவிடுகிறது. இலக்கணம் கற்பிக்கும் நமக்கோ, பெட்டி நிற்கும் இடத்தில்தான் பல நேரங்களில் பொருள் இருக்கிறது.

1. கருவி எப்படி வேலை செய்கிறது?

ஸ்மார்ட்ஆர்ட் 2007ஆம் ஆண்டு ஆஃபிஸ் பதிப்பில் அறிமுகமானது. அதற்கு முன்பும் பவர்பாயிண்டில் வரைபட வகைகள் சில இருந்தன. ஆனால் எழுத்தையும் படத்தையும் இந்த அளவுக்குத் தெளிவாகப் பிரித்து வைத்தது ஸ்மார்ட்ஆர்ட்தான்.

படத்தைச் சொடுக்கினால் பக்கத்தில் ஒரு சிறிய எழுத்துப் பட்டி திறக்கும். அதில் நாம் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு வரியும் ஒரு பெட்டி ஆகிறது. டேப் விசையைத் தட்டி உள்ளே தள்ளிய வரி, மேல் வரியின் கிளை ஆகிறது. பெட்டிகள் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்கும் அமைப்பு முடிவு செய்கிறது. பட்டியல், செயல்முறை, சுழற்சி, படிநிலை, உறவு, பிரமிடு என்று அமைப்புகள் வகை வகையாக இருக்கின்றன. வரிகளை மாற்றாமல் அமைப்பை மட்டும் மாற்றினால், அதே செய்தி வேறோர் உருவத்தில் வந்து நிற்கும்.

நம் பள்ளிகளுக்கு இது புதிய சிந்தனை இல்லை. 2012இல் தொடங்கிய ஐ-திங்க் திட்டத்திற்குப் பிறகு வட்ட வரைபடம், குமிழி வரைபடம், மர வரைபடம், நிரலொழுங்கு வரைபடம் என்றெல்லாம் நாமே மாணவர்களைப் பழக்கியிருக்கிறோம். ஒவ்வொரு வரைபடமும் ஒரு சிந்தனை முறை என்றும், செய்திக்கு ஏற்ற வரைபடத்தைத் தேர்ந்தெடுப்பதே திறன் என்றும் சொல்லிக்கொடுத்தோம். ஸ்மார்ட்ஆர்ட்டும் ஏறத்தாழ அதே நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டது. வேறுபாடு ஒன்றுதான். தாளில் மாணவர் கையால் வரைகிறார். இங்கே மென்பொருள் வரைகிறது. நாம் பிறகு கை வைக்கிறோம். சிக்கல் அந்தக் 'கை வைப்பதில்' தொடங்குகிறது.

2. சோதனைக்கு ஒரு படம்: 'வந்தனன்'

பொதுவாகப் பேசினால் புரியாது. ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 'வந்தனன்' என்ற சொல்லின் பகுபத உறுப்புகள் நம் எல்லாருக்கும் தெரியும்.

வா – பகுதி
த் – சந்தி
த் – இறந்தகால இடைநிலை
அன் – சாரியை
அன் – ஆண்பால் வினைமுற்று விகுதி

இவற்றோடு விகாரம். 'வா' என்பது 'வ' எனக் குறுகியது. சந்தி 'த்' என்பது 'ந்' எனத் திரிந்தது.

உறுப்புகள் ஆறு என்று எண்ணிக் கற்பிக்கிறோம். ஆனால், ஆறும் ஒரே மாதிரியானவையா? முதல் ஐந்தும் சொல்லுக்குள் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இடப்பக்கம் பகுதி, வலப்பக்க முடிவில் விகுதி, நடுவே மற்றவை. விகாரத்துக்கு அப்படித் தனி இருக்கை இல்லை. அது மற்ற உறுப்புகளுக்கு நேர்ந்த மாற்றம். ஆகவே அனுபவமுள்ள ஆசிரியர் பலர் வெண்பலகையில் என்ன செய்வார்கள்? ஐந்து பெட்டிகளை வரிசையாகப் போட்டுவிட்டு, விகாரத்தை மேலே தனியாக எழுதி, அங்கிருந்து பகுதிக்கும் சந்திக்கும் இரண்டு கோடுகளை இறக்குவார்கள். மாணவர் அந்தப் படத்தைப் பார்த்தாலே 'விகாரம் தனி ஆள் இல்லை' என்பதைப் புரிந்துகொள்வார்.

இதை ஸ்மார்ட்ஆர்ட்டில் செய்வோம். எழுத்துப் பட்டியில் ஆறு வரிகள். பெட்டிகள் வரிசையாக நிற்கும் ஓர் எளிய பட்டியல் அமைப்பைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆறு பெட்டிகள் வருகின்றன. 'விகாரம்' பெட்டியைப் பிடித்து இழுத்து, பகுதிக்கும் சந்திக்கும் மேலே வைக்கிறோம். சிவப்பு நிறம் கொடுக்கிறோம். கொஞ்சம் அகலமாக்குகிறோம். பிறகு அதன்மேல் தனியாக இரண்டு அம்புக்குறிகள் வரைகிறோம். படம் தயார். இப்போது மூன்று சோதனைகள்.

முதல் சோதனை: நிறத் தொகுதியை மாற்றுகிறோம். பெட்டி நின்ற இடத்தில் நிற்கிறது. தேர்ச்சி.

இரண்டாம் சோதனை: எழுத்துப் பட்டியில் இன்னொரு வரி சேர்க்கிறோம். எல்லாப் பெட்டிகளும் சுருங்கி இடம் விடுகின்றன. விகாரப் பெட்டியும் சுருங்குகிறது. ஆனால், தான் தள்ளி வைக்கப்பட்டதை அது மறக்கவில்லை. வரிசையை விட்டு மேலேயே நிற்கிறது. இதுவும் தேர்ச்சி. தனியாக வரைந்த அம்புக்குறிகள் மட்டும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். ஏனென்றால் அவை ஸ்மார்ட்ஆர்ட்டின் பகுதியே இல்லை.

மூன்றாம் சோதனை: 'செயல்முறை' வகை அமைப்புக்கு மாற்றுகிறோம். சிவப்பு நிறம் அப்படியே வருகிறது. எழுத்தின் தடிமன் வருகிறது. ஆனால், இழுத்து வைத்த இடமும் கூட்டிய அகலமும் போய்விட்டன. 'விகாரம்' மறுபடியும் வரிசையின் ஆறாவது ஆளாக, விகுதிக்கு அடுத்து, சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. அதோடு விடவில்லை. செயல்முறை அமைப்பு பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி போடும். ஆகவே விகுதியிலிருந்து விகாரத்துக்கு ஓர் அம்புக்குறியும் வந்துவிட்டது!

இந்தப் படத்தைப் பார்க்கும் மாணவர் என்ன படிப்பார்? 'சொல்லின் கடைசியில் விகுதி வரும், அதற்குப் பிறகு விகாரம் வரும்.' எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் இலக்கணம் தவறாகிவிட்டது.

3. எது தங்கும், எது போகும்?

இது எங்கேயோ நேர்ந்த கோளாறு இல்லை. கருவியின் வடிவமைப்பே அப்படி. அமைப்பு மாறும்போது நிறம், கோட்டின் பாணி, நிழல் போன்ற தோற்ற விளைவுகள், எழுத்தின் வடிவம் ஆகியவை புதிய அமைப்புக்குச் செல்லும். பெட்டியை நகர்த்தியது, அளவை மாற்றியது, சுழற்றியது, தலைகீழாகத் திருப்பியது ஆகியவை செல்லமாட்டா. புதிய உருவத்தில் அவை பொருந்தாமல் போகலாம் என்பது காரணம்.

அந்தக் காரணத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வரிசையில் 'மேலே' தூக்கி வைத்த பெட்டி வட்டத்துக்குள் வந்தால் 'மேலே' என்பதற்கு என்ன பொருள்? வட்டத்தின் உச்சியா, வட்டத்துக்கு வெளியேயா? பழைய இடத்தையே பிடித்து வைத்தால் வேறொரு பெட்டியின்மேல் ஏறிக்கொள்ளவும் கூடும். ஆகவே உருவாக்கியவர்கள் கையால் செய்த மாற்றங்களை இரண்டு கூடைகளில் போட்டார்கள். ஒன்று, எந்த அமைப்புக்கும் பொருந்துவது. மற்றொன்று, இந்த அமைப்புக்கு மட்டும் பொருந்துவது. நிறம் முதல் கூடைக்குப் போனது. இடம் இரண்டாம் கூடைக்குப் போனது.

பிரித்தது சரி. ஆனால் அந்தப் பிரிப்புக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: 'பெட்டியை நகர்த்துபவர் அழகுக்காக நகர்த்துகிறார்.' அலுவலகக் கூட்டத்தில் காட்டும் படத்துக்கு அது பொருந்தலாம். விற்பனைப் படிநிலையில் ஒரு பெட்டி அரை அங்குலம் தள்ளி நின்றால் ஒன்றும் கெட்டுப்போகாது. வகுப்பறைப் படத்தில் கெட்டுப்போகும்.

4. பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம்

குறை சொல்லும்போது நிறையையும் சொல்வதுதான் திறனாய்வு. இரண்டாம் சோதனையில் விகாரப் பெட்டி தன் இடத்தை எப்படி நினைவில் வைத்திருந்தது? இதில் ஒரு நல்ல சிந்தனை இருக்கிறது. கணினி அறிவியல் எடுக்கும் மாணவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஒரு பவர்பாயிண்ட் கோப்பைப் படியெடுத்து, அதன் பின்னொட்டை 'ஸிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே 'டயகிராம்ஸ்' என்ற கோப்புறை இருக்கும். அதில் செய்திக்கு ஒரு கோப்பு, அமைப்புக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, பாணிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். இந்தக் கோப்பு வடிவம் 2006இல் எக்மா 376 என்ற தரமாக வெளியானது. ஆகவே இதில் மறைபொருள் எதுவும் இல்லை. செய்திக்கான கோப்பைத் திறந்தால், நாம் கை வைத்த பெட்டிகளுக்கு மட்டும் 'கஸ்ட்' என்று தொடங்கும் சில குறிப்புகள் சேர்ந்திருப்பதைக் காணலாம். அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, நகர்த்திய தொலைவுக்கு ஒன்று, சுழற்சிக் கோணத்துக்கு ஒன்று.

அவற்றின் மதிப்பைக் கவனியுங்கள். அகலத்தை ஒன்றரை மடங்காக்கினால் 150000 என்று இருக்கும். 100000 என்றால் நூறு விழுக்காடு. ஆகவே இது 150 விழுக்காடு. சென்டிமீட்டர் கணக்கு இல்லை. நகர்த்திய தொலைவும் அப்படியே விழுக்காடாகத்தான் இருக்கும். வட்ட அமைப்புகளுக்கோ, மையத்திலிருந்து எவ்வளவு விலகியது, எவ்வளவு சுற்றி நகர்ந்தது என்று தனிக் குறிப்புகள் உண்டு.

இதன் பயன் என்ன? '3 சென்டிமீட்டர் மேலே' என்று எழுதி வைத்திருந்தால், பெட்டிகள் சுருங்கும்போது அந்த 3 சென்டிமீட்டர் மிக அதிகமாகி, பெட்டி சட்டத்தை விட்டே வெளியேறியிருக்கும். 'உன் அளவில் இவ்வளவு பங்கு மேலே' என்று எழுதியதால், எல்லாம் சுருங்கும்போது அந்த விலகலும் சேர்ந்து சுருங்குகிறது. தானாக வரையும் கணக்கு ஒரு பக்கம், மனிதர் செய்த திருத்தம் அதன்மேல் ஒரு சிறு விலகல். இரண்டும் கலக்காமல் இருக்கின்றன. 'ரீசெட் கிராஃபிக்' பொத்தானை அழுத்தினால் நம் திருத்தங்கள் எல்லாம் நீங்கி, செய்தி மட்டும் பத்திரமாக நிற்பதும் இதனால்தான்.

எல்லாம் ஒரே அமைப்புக்குள் இருக்கும்வரை இந்த ஏற்பாடு அருமை. அமைப்பு மாறும்போது மட்டும் விலகல் கணக்கு தூக்கி எறியப்படுகிறது.

5. காப்பாற்றியதே தொல்லையாகும்போது

'அப்படியென்றால் எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டால் சரியாகிவிடுமா?' என்று கேட்கலாம். ஆகாது. இதற்கு எழுத்தளவே சான்று.

ஸ்மார்ட்ஆர்ட் எழுத்தளவைத் தானே தீர்மானிக்கும். ஒரு நிலையில் உள்ள பெட்டிகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே எழுத்தளவில் இருக்கும். ஒரு பெட்டியில் நீளமான சொல் வந்தால், அதற்கு இடம் கொடுக்க மற்றப் பெட்டிகளும் சேர்ந்து சுருங்கும். தமிழில் இது அடிக்கடி நடக்கிறது. பெயரெச்சம், வினையெச்சம் என்று போகும் வரை சிக்கல் இல்லை. நடுவில் 'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்' வந்து நின்றால் போச்சு! எல்லாப் பெட்டிகளிலும் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். கடைசி வரிசை மாணவர் கண்ணைச் சுருக்குவார்.

நாம் என்ன செய்கிறோம்? ஒவ்வொரு பெட்டியாகப் பிடித்து எழுத்தளவை 24 என்று மாற்றுகிறோம். மென்பொருள் இதை மதிக்கிறது. 'இந்தப் பெட்டியின் எழுத்தை மனிதர் தொட்டுவிட்டார். இனி நான் தொடமாட்டேன்' என்று ஒரு குறிப்பு போட்டுக்கொள்கிறது. அன்றைக்கு நன்றாக இருக்கும். அடுத்த வாரம் மூன்று வரிகள் சேர்க்கிறோம். பெட்டிகள் சுருங்குகின்றன, எழுத்து சுருங்கவில்லை. சொல் பெட்டிக்கு வெளியே வழிகிறது. அல்லது சொல்லின் நடுவே உடைந்து, 'பெயரெச்' ஒரு வரியிலும் 'சம்' அடுத்த வரியிலும் நிற்கிறது.

இங்கே மென்பொருள் நம் திருத்தத்தைக் காப்பாற்றியது. ஆனால் நம் நோக்கத்தைக் காப்பாற்றவில்லை. நம் நோக்கம் '24' என்ற எண்ணா? இல்லை, 'கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும்' என்பது. எண்ணைப் பிடித்துக்கொண்டது, எண்ணத்தை விட்டுவிட்டது. ஆகவே 'எத்தனை மாற்றங்களைக் காப்பாற்றுகிறது?' என்று எண்ணிப் பார்ப்பது மட்டும் போதாது. எதற்காகச் செய்த மாற்றம் என்பதை அது எவ்வளவு தூரம் அறிந்துகொள்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கை. சில அமைப்புகளில் இடம் வரையறுக்கப்பட்டது. நான்கு கட்டங்கள் கொண்ட அணி அமைப்புக்கு மாறினால், முதல் நான்கு வரிகள்தான் தெரியும். நம் படத்தில் விகுதியும் விகாரமும் காணாமல் போகும். எழுத்துப் பட்டியில் அவற்றின் பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். வேறோர் அமைப்புக்கு மாறினால் அவை திரும்பி வரும். ஆனால் அதே அமைப்பில் வைத்துச் சேமித்து மூடிவிட்டால் அந்த வரிகள் கோப்பில் தங்கா. பார்வைக்குத் தெரியாத எழுத்து கோப்புக்குள் ஒளிந்திருந்து, பிறர் கைக்குப் போய்விடக் கூடாது என்ற தனியுரிமைக் காரணத்துக்காக இப்படிச் செய்திருக்கிறார்கள். காரணம் நல்லதுதான். விளைவு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

6. மற்றக் கருவிகள் எப்படி?

ஒப்பீடு இல்லாமல் திறனாய்வு முழுமை பெறாது. சுருக்கமாக மூன்றைப் பார்ப்போம்.

கிராஃப்விஸ், மெர்மெய்ட் போன்றவை எழுத்திலிருந்து படம் வரைபவை. 'அ-விலிருந்து ஆ-வுக்குக் கோடு' என்று எழுதினால் படம் வரும். மெர்மெய்டில் பெட்டியைக் கையால் இழுத்து வைக்கும் பேச்சே பொதுவாக இல்லை. ஆகவே இழப்பதற்கும் ஒன்றும் இல்லை. கிராஃப்விஸ் கொஞ்சம் தாராளம். அதன் 'நீட்டோ' வரைமுறையில் ஒரு பெட்டியின் இடத்தை எழுதி, பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டால், அந்தப் பெட்டி ஆணி அடித்தது போல் அங்கேயே நிற்கும். மற்றவை அதைச் சுற்றி ஒழுங்காகும். படிநிலைப் படங்களுக்கான 'டாட்' வரைமுறையோ அந்த ஆணியைப் பொருட்படுத்துவதில்லை.

டிரா.ஐஓ நேர்மாறானது. நாம் வைத்த இடம்தான் இடம். கோடுகள் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பெட்டியை நகர்த்தினால் கோடும் வரும். நம் 'வந்தனன்' படத்துக்கு இது மிகப் பொருத்தம். ஆனால், 'தானாக ஒழுங்குசெய்' என்ற கட்டளையைக் கொடுத்தால் நம் இடங்கள் எல்லாம் கலைந்துவிடும்.

மூன்றாவதாக, நாம் மதிப்பெண்களைத் தொகுக்கும் எக்செல். அங்கே பிவட் அட்டவணையைப் புதுப்பிக்கும்போது 'வடிவமைப்பைக் காப்பாற்றவா?', 'நெடுவரிசை அகலத்தை மாற்றவா?' என்று தேர்வு செய்ய இரண்டு கட்டங்கள் உண்டு. ஸ்மார்ட்ஆர்ட்டைச் செய்த அதே நிறுவனத்தின் மென்பொருள்தான். அட்டவணையில் நம்மைக் கேட்கத் தெரிந்தவர்களுக்குப் படத்தில் கேட்கத் தோன்றவில்லை. என் முதன்மைக் குறை இதுதான்.

7. மாணவர் மனத்தில் இருக்கும் படம்

'ஒரு பெட்டி இடம் மாறினால் என்ன, உலகமா முழுகிவிடும்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. வரைபடத் துறை ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்திலிருந்தே இதைப் பேசியிருக்கிறார்கள். மிசுவே, ஈட்ஸ், லாய், சுகியாமா ஆகிய நால்வரும் 1995இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை 'மனவரைபடம்' என்ற கருத்தை முன்வைக்கிறது. ஒரு படத்தைப் பார்த்துப் பழகியவர் அதன் உருவத்தை மனத்தில் பதித்து வைத்திருக்கிறார். மென்பொருள் படத்தைத் திருத்தி வரையும்போது அந்தப் பதிவைக் கலைக்கக் கூடாது என்பது சாரம். எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு மூன்று அளவுகோல்களை அவர்கள் சொன்னார்கள். மேல்-கீழ், இடம்-வலம் என்ற வரிசை மாறக் கூடாது. பக்கத்தில் இருந்தவை பக்கத்திலேயே இருக்க வேண்டும். படத்தின் பகுதிகள் எது எதற்கு உள்ளே, எது வெளியே என்ற அமைப்பு குலையக் கூடாது.

பின்னர் நடந்த சோதனைகள் எல்லாம் ஒரே முடிவைத் தந்துவிடவில்லை. எல்லா வேலைகளுக்கும் இது உதவும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், 'அது எங்கே இருந்தது?' என்று இடத்தை நினைவுகூரும் வேலைகளுக்கு உதவுகிறது என்பது நம் வகுப்பறை அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

தேர்வுக்கு முன் மாணவர் எப்படிப் பேசுகிறார் என்பதைக் கவனித்திருப்பீர்கள். "டீச்சர், அந்த மேல தனியா இருக்குமே, அதுதானே?" பெயர் வருவதற்கு முன்னே இடம் வருகிறது. முதல் தவணையில் ஒரு படம், மீள்பார்வை வாரத்தில் அதே செய்திக்கு வேறோர் உருவம் என்று கொடுத்தால், அவர் பிடித்து வைத்திருந்த கொம்பை நாமே வெட்டிவிட்டதாக ஆகும். புதிய அமைப்பு கண்ணுக்கு அழகாக இருக்கலாம். தேர்வு மண்டபத்தில் அவருக்கு வேண்டியது பழகிய அமைப்பு.

8. சரி, வகுப்பறையில் என்ன செய்வது?

மென்பொருள் மாறும்வரை காத்திருக்க முடியாது. கையில் உள்ளதைக் கொண்டு செய்யக்கூடியவை இவை.

ஒன்று. அமைப்பை முதலில் முடிவு செய்யுங்கள். அழகுபடுத்தலைப் பிறகு செய்யுங்கள். பல ஆசிரியர்கள் வரிசையை மாற்றிச் செய்வதால்தான் இரட்டை வேலை ஆகிறது. ஓர் அமைப்பின்மேல் சுட்டியை வைத்தாலே முன்னோட்டம் தெரியும். சொடுக்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

இரண்டு. அமைப்பை மாற்றுவதற்கு முன் சிலைடைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோல் விசையோடு 'டி' விசை. அரை நொடி வேலை.

மூன்று. இடத்தில் வைத்த பொருளை வரியிலும் வையுங்கள். இது மிக முக்கியம். 'விகாரம்' என்பதை ஆறாவது வரியாக எழுதாமல், 'பகுதி: வா' என்ற வரிக்குக் கீழே டேப் தட்டி 'விகாரம்: வா → வ' என்று எழுதுங்கள். 'சந்தி: த்' என்பதற்குக் கீழே 'விகாரம்: த் → ந்' என்று எழுதுங்கள். இப்போது விகாரம் எதைச் சார்ந்தது என்பது மென்பொருளுக்கும் தெரியும். செயல்முறை அமைப்பில் அது பெட்டிக்குள் குறிப்பாக வரும். படிநிலை அமைப்பில் கிளையாக வரும். உறவு கெடாது.

நான்கு. இடத்தால் மட்டுமே சொல்லக்கூடிய படமாக இருந்தால், வேலை முடிந்ததும் 'கன்வர்ட் டு ஷேப்ஸ்' கொடுத்துச் சாதாரண வடிவங்களாக மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு எதுவும் தானாக நகராது. எழுத்துப் பட்டியும் இருக்காது. ஆகவே மூலப்படி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. டெலிமா கணக்கு வழியாகக் கூகல் சிலைட்ஸில் திறப்பவர்களுக்கும் இதே அறிவுரை. அங்கே ஸ்மார்ட்ஆர்ட் தன் எழுத்துப் பட்டியோடு இயங்காது.

ஐந்து. எழுத்தளவைப் பெட்டி பெட்டியாக மாற்றாதீர்கள். முழுப் படத்தின் சட்டத்தையும் பெரிதாக்குங்கள், அல்லது படத்தை இரண்டு சிலைடுகளாகப் பிரியுங்கள். நீளமான இலக்கணப் பெயரைக் குறுக்க முடியாது. பெட்டிகளைக் குறைக்க முடியும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. புணர்ச்சி வகைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: இயல்பு, விகாரம், விகாரத்துக்குள் தோன்றல், திரிதல், கெடுதல். இதைப் படிநிலை அமைப்பில் செய்யுங்கள். பிறகு வட்டமாக மாற்றுங்கள், வரிசையாக மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கேளுங்கள்: இந்தப் படம் இப்போது புதிதாக என்ன சொல்கிறது? நான் சொல்லாத எதையாவது சொல்கிறதா? வட்டமாக்கினால் 'கெடுதலுக்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்' என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்வதைக் காண்பீர்கள். கட்டுரைக்கு முன் வரையும் கருத்து வரைபடத்திலும் இதே கேள்வியைக் கேட்டுப் பழகினால், பத்திகளின் வரிசை தானாகச் சீர்படும்.

9. மதிப்பீடு

தொகுத்துச் சொல்கிறேன். பட்டியல், படிநிலை, சுழற்சி போன்ற, உறவு முழுவதையும் வரிகளாலேயே சொல்லிவிடக்கூடிய செய்திக்கு ஸ்மார்ட்ஆர்ட் நல்ல கருவி. தானாக வரைந்த இடத்தையும் மனிதர் செய்த விலகலையும் தனித்தனியே வைத்து, விலகலை விகிதமாகச் சேமித்தது அதன் சிறப்பு. இடமும் அளவும் வெறும் தோற்றம் என்று எடுத்துக்கொண்டது, அமைப்பு மாறும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் அவற்றைக் கழித்துவிடுவது, 'இதை மட்டும் அசைக்காதே' என்று ஒரு பெட்டிக்கு ஆணி அடிக்க வழி தராதது ஆகியவை அதன் குறைகள்.

வரிசையிலிருந்து வட்டத்துக்குப் போகும்போது இடம் போவதை ஏற்றுக்கொள்ளலாம். ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குப் போகும்போதும் போவதை ஏற்பதற்கில்லை. முதல் மாற்றத்தில் 'மேலே' என்பதன் பொருள் குழம்புகிறது. இரண்டாவதில் குழப்பமே இல்லை, அங்கே காப்பாற்றியிருக்கலாம்.

அடுத்த முறை ஒரு புதிய வரைபடச் செயலியை யாராவது "ரொம்ப நல்லா இருக்கு, முயன்று பாருங்க" என்று புலனத்தில் அனுப்பினால், அதன் வண்ணங்களைப் பார்த்து மயங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஆறு பெட்டிகள் போடுங்கள். ஒன்றை இழுத்து மேலே வையுங்கள். அமைப்பை மாற்றுங்கள். அந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அந்தச் செயலியை எந்தப் பாடத்துக்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பது அப்போது தெரிந்துவிடும்.